சுமை நிலை ஏழு

கிர்க்வால் துறைமுகத்தில்
இறைச்சிக் கடையின் மாடி எங்கள் அலுவலகம்.
மூன்று மேசை, ஒரு கெட்டில்,
உப்புக்காற்றில் ஊதிப்போய் மூடாத ஜன்னல்.
அபர்டீன் தலைமையகத்துக்கு நாங்கள்
'வடக்குத் தீவுகள், வட்டாரம்' என்று
படிவத்தில் ஒரு கட்டம்.

பதினோரு படகுத்துறைகள் எங்கள் பொறுப்பு.
அலை கடித்தது, துரு தின்றது,
இரவில் எவனோ டிராக்டரை மோதிவிட்டுக்
காலையில் கடல்மேல் பழி போட்டது,
எல்லாம் என் பதிவேட்டில்.
நான் பொறியாளர் இல்லை.
தொலைபேசி எடுப்பவள்.

செவ்வாய்தோறும் ஒன்பதரைக்கு
ஹெல்லிசே தீவிலிருந்து ட்ரீவர் கூப்பிடுவார்.
வந்த படகைக் கயிறு வாங்கிக் கட்டுவது அவர் வேலை.
மூன்றாம் தூணருகே ஒரு விரிசல்.
நாங்கள் பொருத்திய அளவியை
ஜனவரிப் புயல் பிடுங்கிப் போய்விட்டதால்
காசு நுழைத்துப் பார்க்கிறார்.
"இன்றைக்கும் ஒரு பென்னிதான்."
அப்படியே எழுதுவேன்: ஒரு பென்னி.

மார்ச் இரண்டாம் செவ்வாய்
அவர் வானிலை எதுவும் சொல்லவில்லை.
"இரண்டு போகிறது, தோரா.
உரசாமல் போகிறது."

மறுநாள் படகில் போனாள் அய்ல்சா ஃபூபிஸ்டர்,
மண்டியிட்டுப் பார்த்தாள்,
ஈர முழங்காலோடு வந்து கையெழுத்திட்டாள்:
மூன்று டன்னுக்கு மேல் தடை.

அன்று பகல் முழுக்க ரிசீவர் என் காதில் சூடேறியது.
எரிவாயு சிலிண்டர் எத்தனை ஏற்றலாம்?
பள்ளிக்கூடத்துக்கு ஒரு பியானோ வரவேண்டுமே?
சவ ஊர்தி போகுமா என்று கேட்டாள் ஒருத்தி.
போகும் என்றேன்.
"அப்படியானால் சரி" என்று வைத்துவிட்டாள்.

மாட்டு லாரி போகாது.
வசந்தச் சந்தைக்குப் பத்தே நாள்.
தீவில் விற்க நிற்பவை நாற்பத்தொரு மாடு,
அதில் பதினேழு அய்ல்சாவின் தம்பியுடையவை.
அவன் கூப்பிட்டபோது
ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.
"உன் பென்சிலுக்குப் பசிக்காது, அக்கா."
அவ்வளவுதான்.

கெட்டில் கொதித்து அடங்கியது.
யாரும் எழுந்திருக்கவில்லை.

நெடுநேரம் கழித்து அவள்,
"ஒரு மாடு எவ்வளவு இருக்கும், தோரா?"
கீழே இறங்கிக் கேட்டேன்.
லின்க்லேட்டர் கத்தியைத் துடைத்தபடி,
"உயிரோடா?"
"உயிரோடுதான். நடந்துகொண்டு."
அறுநூற்றைம்பது கிலோ என்றார்.
படியேறிய என்னைக் கூப்பிட்டு,
"மிரண்டால் இன்னும் கூட."

மிரட்சிக்கு ஒன்று புள்ளி மூன்று மடங்கு.
ஒரு நடைக்கு மூன்று மாடு, ஓர் ஆள்.
நாய் கூடாது.
வரைபடத்தில் லாரியை அழித்த இடத்தில்
மூன்று நீள்வட்டம் வரைந்தாள்,
ஒவ்வொன்றின் கீழும் நான்கு புள்ளி.
அபர்டீனிலிருந்து மின்னஞ்சல்:
'சுமை நிலை ஏழு, மாடு. தட்டச்சுப் பிழையா?'
'இல்லை' என்று நான் பதில் போட்டேன்.
என் வாழ்நாளில் எழுதிய
ஒரே பொறியியல் வாக்கியம்.

சந்தைக்கு முந்தின நாள், பதினான்கு நடை.
எண்ணிக்கைக்கு என்னையும் கூட்டிப்போனாள்.
கரையில் நின்று தம்பி மும்மூன்றாக விட்டான்,
எங்கள் பக்கம் திரும்பாமல்.
ட்ரீவர் விரிசலோரம் குப்புறப் படுத்து
காசைப் பிடித்திருந்தார்.
நடை முடிய முடியக் கை உயரும்:
அசையவில்லை.

ஒன்பதாம் நடையில் ஒரு செவலை
சரியாக மூன்றாம் தூணுக்கு மேல் நின்றது.
கடலைப் பார்த்தது.
எவர் அதட்டியும் நகராமல்
நிதானமாகச் சாணி போட்டது.
அய்ல்சா தன் ஏட்டில்
ஒரு கழித்தல் குறி போட்டதை
நான் பார்த்தேன்.

கடைசி நடைக்கு இரண்டே மாடு.
தம்பி தானே ஓட்டிவந்தான்.
அவள் எதிரே வந்ததும் வேகம் குறைத்து,
"நான் எண்பத்தாறு கிலோ" என்றான்.
"எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டாள்.