மருதானையில் இறங்கி மாறவும்

ஆறு நான்குக்கு வெள்ளவத்தையில் ரயில்.
ஆறு பதினொன்றுக்கும் வரும்.
ஒருநாள் ஏழாகியும் வராமல்
தண்டவாளத்தில் நண்டு போய்க்கொண்டிருந்தது.

இடது பக்கக் கதவில் நின்றால்
அலை தெறித்து உதட்டில் உப்பு.
வெள்ளைச் சட்டைக்காரர் வலது பக்கம் ஒதுங்குவார்கள்.
எனக்குப் பரவாயில்லை. என் வேலை இரவு வேலை,
கொட்டாஞ்சேனையில், பத்திரிகை ஒப்புநோக்குவது.
அங்கே என் சட்டையை ஒருவரும் பார்ப்பதில்லை,
சந்திப்பிழை பார்ப்பார்கள்.

மருதானையில் இறங்கி,
படி ஏறி, பாலம் கடந்து, படி இறங்கி,
டெக்னிக்கல் சந்தியில் நூற்றைம்பத்தைந்து.
ஆறே நிமிடம்.
இந்த ஆறு நிமிடம் எந்த அட்டவணையிலும் இல்லை.
ரயில் தன் நேரத்தைப் பஸ்ஸுக்குச் சொன்னதில்லை,
பஸ் கேட்டதுமில்லை.
இரண்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடத்துவது
என் செருப்பு.
பஸ்ஸின் நெற்றியில் ‘மட்டகுளி’ என்றிருக்கும்.
காணாமல் போன அந்த ‘க்’கன்னாவுக்காக
ஒவ்வொரு மாலையும் ஓடுகிறேன் என்று
தோன்றும்.

ஒலிபெருக்கியில் முதலில் சிங்களம்.
முதற்சொல் விழுந்ததுமே
மேடை ஒரு பக்கம் சரியும்,
பைகள் எழும், பிள்ளைகள் இழுபடுவார்கள்.
தமிழ் வருகையில் பாதிப்பேர் படியில்.
ஆங்கிலம் வருவது காலி வாங்குகளுக்கு.

தமிழ் வாசிக்கும் பெண்ணுக்கு ழகரம் வராது.
‘ஏலு மணி’ என்பாள்.
மனதுக்குள் சிவப்புப் பேனையால் சுழித்தபடியே
பாலத்தின் நடுவில் நின்று கேட்பேன்.
ஒருமுறை வாசிக்கும்போதே தும்மினாள்.
‘மன்னிக்கவும்’ என்றாள், தமிழில் மட்டும்.
அன்றைக்குப் பஸ்ஸை விட்டேன், கவலையில்லை.

போன வியாழன் அவள் வரவில்லை.

சிங்களம் முடிந்தது, நேரே ஆங்கிலம்.
மன்னார்ப் பக்கம் போகும் இரவு ரயில்
ஐந்தாம் மேடையில் இல்லை, இரண்டில்.
எல்லோரும் சரிந்துபோன ஐந்தில்
ஒரு மனிதர் மட்டும் நிமிர்ந்து நின்றார்.
காலடியில் கயிறு கட்டிய பெட்டி.
ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்தபடி,
தன் முறை வருமென்று.

நான் வீட்டிலும் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல.
பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:
‘ஐயா! மன்னார் ரயில் ரெண்டில! ரெண்டாம் மேடை!’
பாலம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.
வடைக்காரன்கூட.
அவர் மட்டும் என்னைத் தேடவில்லை,
ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப்
பெட்டியைத் தூக்கினார்.

தூக்க முடியவில்லை.

இறங்கிப் போய் மற்றப் பக்கக் கயிற்றைப் பிடித்தேன்.
பஞ்சிகாவத்தையில் திருத்திய தண்ணீர்ப் பம்பி மோட்டர்,
கிறீஸ் கசிந்துகொண்டிருந்தது.
‘மெதுவா பிள்ளை, கம்பி புதுசா சுத்தினது’ என்றார்,
அதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.
பெட்டியின் மேல் கறுப்பு மையில்:
ச. சூசைதாசன், முருங்கன்.
பிழையில்லாமல் எழுதியிருந்தது.
ஏறும்போதும் இறங்கும்போதும் நாலுமுறை வைத்தோம்,
ஐந்தாவது முறை ரயிலுக்குள் வைத்தோம்.
அது அசைந்த பிறகுதான்
இறங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.
குதித்தேன். காவலாளி திட்டினார்.
திட்டு மட்டும் ஒரே மொழியில்.

அடுத்த நூற்றைம்பத்தைந்து ஐம்பது நிமிடம் கழித்து.
நூறு ரூபாயை நீட்டினேன்.
தாளில் என் பெருவிரல், கறுப்பாய், முழுதாய்.
கண்டக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
‘மாத்தின காசு இல்லையா?’

பையைத் துழாவுகிறேன்.
எதைத் தொட்டாலும் கிறீஸ்.