பிரதி ஒன்றுக்கு இரண்டு ரூபாய்

இரண்டு பல்கலைக்கழகமும் என்னை எடுத்துக்கொண்டன.
முதலில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
ஜெராக்ஸ் மிஷினிடம் காட்டினேன்.
திருநெல்வேலிக் கடிதம் நேராகப் போனது.
திருவனந்தபுரத்தது இரண்டு முறை சிக்கியது.
சகுனம் பார்க்கிறவள் இல்லை நான்.
ஆனாலும் பார்த்தேன்.

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
ஒன்பது வருடமாகப் பிரதி எடுக்கிறேன்.
வக்காலத்து, ஜாமீன் மனு, ஜீவனாம்ச மனு,
யாரோ ஒரு பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்.
வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்புவதற்குள்
மூன்று வரி வாசித்துவிடலாம்.
அப்படி வாசித்ததுதான்
நுழைவுத் தேர்வுக்கு நான் படித்தது.

கணக்கு எளிது.
திருவனந்தபுரம் என்றால் ஒரு மணி நேர ரயில்,
சாயந்திரம் வந்து ஷட்டரைத் தூக்கலாம்,
மிஷின் தவணை நிற்காது.
நெல்லை என்றால் விடுதி, மூன்று வருடம்,
கடையை ஷைனியிடம் விட வேண்டும்.
ஷைனிக்கு இருபக்கப் பிரதி எடுக்க வராது.
இரண்டாம் பக்கம் தலைகீழாக வரும்.

"ரெண்டும் ஒரே கறுப்புக் கோட்டுதான் பிள்ளே"
என்கிறார் வக்கீல் வில்பிரட்.
எங்கள் பாலத்துக்குக் கீழே ஓடுவதும் தாமிரபரணி,
நெல்லையில் ஓடுவதும் தாமிரபரணி.
பெயர் ஒன்றென்றால்
தண்ணீர் ஒன்றாகிவிடுமா வக்கீலே?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு
எனக்கு வரும்.
அங்கே பத்திரம் என்றால்
விடிகாலையில் வாசலில் வந்து விழும் செய்தித்தாள்.
இங்கே பத்திரம் என்பது
அம்மா எலிசா மாமன்மாருக்கு எழுதிக் கொடுத்தது.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர்.
யாருக்கு விடுதலை என்று அதில் இல்லை.
எழுபத்தெட்டு சென்ட் தென்னந்தோப்புக்கு
ஒரு சேலை,
மீன்குழம்போடு மதியச் சோறு.

அங்கே நீதிபதி சொல்வது விதி.
இங்கே தீர்ப்பு.
விதி என்று ஒருவர் வாசித்து முடித்தபின்
மேல்முறையீடு எழுத எனக்குக் கை வருமா?
இந்த ஒரு சொல்லுக்காகவே நெல்லை என்று
செவ்வாய்க்கிழமை முடிவு செய்திருந்தேன்.

புதன்கிழமை ரசலையன் வந்தார்.
பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை.
அஞ்சு காப்பி வேண்டுமாம்.
திருவிதாங்கூர் முத்திரைத்தாள்,
மடிப்பில் உதிர்கிறது,
முழுக்க மலையாளம், அதுவும் பழைய கையெழுத்து.
"எனக்க அப்பனுக்க ஆதாரம்,
இத்திரி வாசிச்சுச் சொல்லு."
கிழக்கே வாய்க்கால் என்றேன்.
வடக்கே ஓர் அயனிமரம்.
அதற்குமேல் எழுத்துகள் நண்டுபோல
மணலுக்குள் போய்விட்டன.
யாருக்கு என்ன பாத்தியம் என்கிற இடத்தில்
மூடியைக் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் எனக்குப் பதிலாக
வாசித்துக்கொண்டு போனது.

ஆதாரம்.
அவர் வாயில் அது நிலம்.
என் வாயில் அது சாட்சி.
அம்மாவின் பத்திரத்திலும்
முதல் பக்கத்திலேயே ஒரு வரி உண்டு:
கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டு ஆதாரப்படி.
அந்த ஆதாரத்தை
வாசித்தவர் எங்கள் குடும்பத்தில் யாருமில்லை.
மாமன்மாரும் இல்லை.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துக்குப் பணம் கட்டினேன்.
அம்மாவிடம் ரயில் நேரம்தான் காரணம் என்றேன்.
அது பொய்யும் இல்லை.

வரவில்லை என்று கையெழுத்திட்டு
திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள் நெல்லையில்.
உறையில் போடும் முன்
ஒரு பிரதி எடுத்தேன்.
இரண்டு ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.
கோணலாக வந்திருந்தது,
ஓரத்தில் என் பெயரின் கடைசி எழுத்து இல்லாமல்.
இன்னொன்று எடுக்கவில்லை.