இடப்பக்கம் இழுக்கும்

பணம் எண்ணியாச்சுங்க. சரியா இருக்குது.
இனிச் சொன்னா வெலை குறையாது, அதனால சொல்றேன்:
படகு இடப்பக்கம் இழுக்கும்.
சுக்கான் கம்பியில குத்தமில்லை.
மெக்கானிக்கைக் கூட்டியாந்து கழட்டிப் போடாதீங்க,
நானே ரெண்டு தடவை கழட்டிப் பார்த்துட்டேன்.

குமாரபாளையத்துல சாயப்பட்டறை வெச்சிருந்தேன்,
தண்ணியப் பத்தித் தெரியும்னு சொன்னீங்க.
அது பைப்புல வர்ற தண்ணிங்க, திருமூர்த்தியண்ணா.

மேல ஒரு கதவணை, கீழ நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை.
நடுவால கெடக்கறதுதான் இனி உங்க உலகம்.
கட்டிலைப் போட்டு அடுப்பை வெச்சு
ஊரு ஊராப் போவேன்னீங்க.
போறது என்னமோ ஒரு மணி நேரந்தான்,
திரும்பி வர்றதுக்குள்ள சோறு வெந்துரும்.
தின்னுபோட்டு, வேணும்னா மறுக்காப் போலாம்.

காத்தாடித் தண்டு உள்ள வர்ற எடத்துல
சொட்டுச் சொட்டாத் தண்ணி எறங்கும்.
பதறிப்போயி நட்டை முறுக்கிராதீங்க.
சொட்டு நின்னாத்தான் பயப்படோணும்.
தண்டு சூடேறி, உள்ள சுத்துன கயிறு கருகி
பொசுங்குன கொம்பாட்ட நாறும்.
நிமிசத்துக்கு நாலு சொட்டு.
தறிச்சத்தத்துல இழை அத்தது தெரியற மாதிரி
காது தானாப் பழகிக்கும்.

ராத்திரிக்கு டீசலை நெறைச்சே வையுங்க.
வெறும் டேங்கு இருட்டுல வேர்க்கும்.

அப்பறம் கயிறு.
எருமையக் கட்டறாப்பல இறுக்கிக் கட்டாதீங்க.
கரண்டு எடுக்கறதுக்குத் தண்ணிய ஏத்துவாங்க, எறக்குவாங்க,
நம்மளைக் கேட்டா செய்வாங்க?
ரெண்டு முழம் தொய்வு இல்லைன்னா
விடியறப்ப படகு ஒருக்களிச்சுத் தொங்கும்,
உங்க அடுப்பு ஆத்துக்குள்ள இருக்கும்.

ஆகாயத்தாமரையக் கூடச் சமாளிச்சரலாம்.
ஆடிப் பதினெட்டு முடிஞ்ச வாரந்தான் பொல்லாதது.
ஆத்துல விட்ட வேட்டி, சீலை, பாவாடை
அத்தனையும் காத்தாடியத் தேடி வரும்.
எஞ்சினை அணைச்சு,
சாவிய உருவிச் சட்டைப்பையில போட்டு,
அதுக்கப்பறந்தான் தண்ணிக்குள்ள கை.
சாவிய ஆருகிட்டயும் குடுக்காதீங்க.
எங்கொழுந்தனுக்கு வலக்கையில மூணு வெரலு.

அரிவாள் ஆகாது. ரொட்டி அறுக்கற பல்லுக்கத்தி,
பலகைக்கு அடியில சொருகியிருக்கு, அதும் உங்களுக்குத்தான்.
ஒருக்கா ஒரு பட்டுச்சீலை சுத்தீருச்சு.
அறுக்க மனசு வராம
பொழுதோட வரைக்கும் முடிச்சு முடிச்சா அவுத்தேன்.
ஜரிகை மட்டும் காத்தாடி தின்னுருந்துச்சு.

வருசத்துக்கு ஒருக்கா ஷட்டரைத் தூக்கி
ஆத்தை வடிச்சு விட்டுருவாங்க.
அன்னிக்குப் படகு பாறை மேல
பஸ்ஸை உட்ட ஆளாட்டக் குந்தியிருக்கும்.
மனசு உடாதீங்க, அதான் நல்ல நாள்.
டயரை முட்டுக் குடுத்து அடியில மல்லாக்கப் படுத்து
சுத்தியால தட்டிக்கிட்டே போங்க.
கணீர்னா தகடு. பொதுக்குன்னா துரு.
துருவுக்குச் சாக்பீஸ்ல வட்டம்.
பத்த வைக்கறதுக்கு பவானி ராக்கியண்ணனைக் கூப்பிடுங்க,
ஆனா மத்தியானத்துக்கு முந்தி.
தாரு ரெண்டு பூச்சு. மொதப் பூச்சு காயட்டும்.
எல்லாரும் அங்கதான் அவசரப்படறாங்க.

பரிசல்காரங்க பக்கம் வந்தா எஞ்சினை அடக்குங்க.
அலை அடிச்சா அவங்க வாய் திறந்து ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க,
மறுநா உங்க காத்தாடியில ஆரோ வலைய விட்டிருப்பாங்க.

இடப்பக்கம் இழுக்கறதுக்கு வர்றேன்.
நட்டாத்துல பேரில்லாத பாறை ஒண்ணு இருக்கு.
பதினோரு வருசமா அதுக்கு ஒதுங்கி ஒதுங்கி
படகுக்கே பழகிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்.
நெசம் அதில்லைங்க.
வாங்குன மொத மாசமே அதும் மேல ஏத்தீட்டேன்.
அடித்தகடு அன்னிக்கு நெளிஞ்சது.

நாளைக்கு நான் புதுப்படகுல எதுக்கால வருவேன், முப்பது சீட்டு.
நீங்க வலப்பக்கம் ஒதுங்கோணும்.
ஒதுங்கறேன்னு நெனச்சுக்கிட்டே
நேரா எம்மேலதான் வருவீங்க.
நானே முன்கூட்டி ஒதுங்கிக்கறேன்.
இந்தாங்க சாவி.