நீல வாளி

ஆல்டருக்கு இடப்புறம், மூன்றாவது ஏசியின் கீழ்
ஜூன் மாதத்திலிருந்து ஒரு வாளி நிற்கிறது.
சேகரக் கமிட்டியில் நாலு முறை பேசியாயிற்று.
குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
"வடிகுழாய் அடைப்பு. மதிப்பீடு நாற்பது தினார். ஒத்திவைக்கப்பட்டது."
சொட்டு மட்டும் எதையும் ஒத்திவைக்கவில்லை.

மனாமாவில் எங்கள் கோயில் எங்களுடையது அல்ல.
வெள்ளிக்கிழமை பதினொன்றரையிலிருந்து ஒன்று வரை எங்களுடையது.
அதற்கு முன் உருதுக்காரர்கள்,
பிறகு பிலிப்பைன்ஸ்காரர்கள், சாயங்காலம் தெலுங்கு.
நாற்காலியில் முந்தின சபையின் சூடு ஆறுமுன்னே
முதல் பாமாலையைத் தொடங்கிவிடுவோம்.
கம்பளத்தில் இருப்பது யார் செருப்பு மணல் என்று
யாரும் கேட்பதில்லை. வாக்குவம் கிளீனர் பொது.
அதன் பை மட்டும் ஏனோ எங்கள் முறையில்தான் நிரம்புகிறது.

இன்பராணியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்
செப்டம்பர் இரண்டாம் வெள்ளி.
விசிட் விசாவில் வந்திருந்த நாத்தனார்
சாயர்புரத்திலிருந்தே ஜரிகைத் தொப்பி கொண்டுவந்திருந்தார்.
தொட்டியின் மூடியைத் திறந்தேன். வறண்டிருந்தது.
குழாயைத் திருப்பினேன். இருமியது.
மாடியில் மோட்டார் எரிந்துபோயிருந்தது.
எதிரே கோல்டு ஸ்டோர் ஜும்மாவுக்குப் பூட்டியிருந்தது.
சபையிடம் கேட்டதில் தேறியது
பாதி குடித்த மூன்று பாட்டில்.
"வாய் வச்சதா?" என்றார் நாத்தனார்.
வைத்ததுதான்.

ஐயர் கையில் திறந்த புத்தகம். மணி பன்னிரண்டு இருபது.
வாசல் சுவரோரம்
கிடார்ப் பெட்டிகள் சாய ஆரம்பித்துவிட்டன.

அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் கேட்டது.
டொக்.

வாளியைப் பார்க்காதது போலப் பார்த்தோம்.
செவ்வாயன்று ஏசியைக் கழற்றிய சியால்கோட் ஷௌகத்
விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொல்லியிருந்தார்:
"காத்துல இருந்து வர்றது சாப், துளி உப்பு கிடையாது.
இந்த ஊர்க் கடலுக்கு இது தெரிஞ்சா பொறாமைப்படும்."
அதைச் சொன்னேன்.
ஐசியூ நர்ஸ் கிருபாவதி என்னை முறைத்தார்.
"அதுக்குள்ள என்னென்ன பூஞ்சை இருக்கும் தெரியுமா?
கொதிக்கவைக்காம தரமாட்டேன்."
வாளியைத் தூக்கிக்கொண்டு வெஸ்ட்ரிக்குள் போனார்.
தேநீர்க் கெட்டில். வடிகட்ட யாருடையதோ கைக்குட்டை.
ஆறுவதற்குள் மூன்று பாமாலை பாடவேண்டியதாயிற்று.
மூன்றாவதில் இரண்டாம் சரணம் யாருக்கும் தெரியவில்லை.

ராகத்தைப் பிடிக்காமல் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்:
கதவு திறக்கும்போதெல்லாம் நுழைந்த கடலின் ஈரம்,
காலையில் உருதுவில் யாரோ விட்ட பெருமூச்சு,
வியாழன் இரவுச் செபத்தில்
மூன்று மாதம் சம்பளம் காணாத சாரக்கட்டுப் பையன்கள்
வாய்விட்டு அழுத ஆவி.
எல்லாம் போய்க் குளிர்ந்த தகட்டில் முட்டி
மொழி கழன்று
சொட்டாகி.

ஹெப்சிபா ஜெர்லின்.
முதல் கைக்குக் கண் விழித்தது. இரண்டாவதற்கு யோசித்தது.
மூன்றாவதற்குக் கண்ணாடி ஜன்னல் அதிர அழுதது.
வாசலில் நின்றவர்கள் கைதட்டிவிட்டார்கள்.
எங்கள் வழக்கமில்லை அது. நாங்களும் தட்டினோம்.

ஒன்றே காலுக்குக் காலிசெய்தோம்.
தாமதமென்று புகார்க் கடிதம் வந்தது. நியாயம்.

அடுத்த கூட்டத்தில் நாற்பது தினார்
ஒரே மனதாக நிறைவேறியது. முன்மொழிந்தது நான்.
குழாய் மாற்றியாயிற்று. கம்பளமும் காய்ந்துவிட்டது.

வருடக் கடைசியில் சாமான் பட்டியல் எழுதுகிறேன்.
காணிக்கைப் பை ஆறு. திருவிருந்துத் தட்டு இரண்டு.
துடைப்பம் நாலு, ஒன்று மொட்டை.
நீல வாளி ஒன்று, கைப்பிடி விரிசல்.
இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுத?
எட்டிப் பார்த்த பொருளாளர் மோசேராஜ்
"பழசுதானே, கழிச்சு எழுதும்" என்றார்.

பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தேன்.
வெளியே தெலுங்குக்காரர்கள்
சாவிக்காகக் காத்திருந்தார்கள்.