வீடு என்று அடிக்கவில்லை

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதியில் என் மேசை.
வக்கீல் எழுதித் தந்த இங்கிலீஷை அடித்து
அஞ்சாலாட்சிக்கு வாசித்துக் காட்டுகிறேன்:
மனுதாரர் தற்போது ‘அட் ஹெர் பிரதர்ஸ்’.

“பிரதர்ஸா? எனக்கு ஒரே அண்ணன்தாங்க.”

ஒருத்தர்தாம்மா. எஸ்ஸுக்கு முன்னால
தூண்டில் முள்ளாட்டம் மேலே தொங்குது பாரு,
அண்ணனுடைய என்று அர்த்தம்.

“அண்ணனோட என்ன?”

வீடு. சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள்.
முன்னால் அட் இருந்தால் போதும்,
வீட்டை விட்டுவிடலாம்.
மேல் வரியிலும் அப்படித்தான்,
‘லெஃப்ட் ஹெர் ஹஸ்பண்ட்ஸ்’.

சிரித்தாள். காலடியில் காலிக் கூடை,
சங்கரா மீன் வாடை
ஃபேனோடு சேர்ந்து சுற்றியது.
“நாம வீட்டுக்காரர்னு சொன்னா
அந்தாளு பேர்லயே வீடு ஒட்டிக்கிட்டிருக்கு.
இங்க எழுதலன்னாலும்
ரெண்டு ஆம்பளைக்கும் பின்னாடி வீடு நிக்குதாக்கும்.”

பிறகு, பர்ஸ் ஜிப்பைத் திறந்தபடி:
“எம் பேருக்கு அந்த முள்ளைப் போடுங்க, பாப்பம்.”

அடித்தேன். பெயர், முள், எஸ்.
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.

“அப்புறம் என்னன்னு தெரிஞ்சுக்குவாங்களா?”

இப்படி மொட்டையாக நின்றால் தெரியாதும்மா.
முன்னால் ஏதாவது வேண்டும்.
யாராவது அங்கே வரவேண்டும், போகவேண்டும்,
ஒரு ராத்திரி தங்கவேண்டும்.

“எம் மவ வருவா.
சோனங்குப்பத்துல வாடகை பாத்திருக்கன்.”

பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
சில்லறை சரியாக இருந்தது.
கடைசி வரியை அழிக்காமல் பிரிண்ட் கொடுத்தேன்.
வக்கீல் கேட்டால்
கை தவறிவிட்டது என்பேன்.