ஐந்து நாலைவிடப் பெரிது

மேல் நட்டை முதலில் கழற்று.
அது கழராவிட்டால் கீழ் நட்டில் கைவைக்காதே.
வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்பவனுக்கு
ஊரில் வேறு பெயர்.

உவர்மலைச் சரிவில் குடியிருப்பவன் நான்.
காருக்குச் சமதரை வேண்டும்.
எமில்டனின் ஐஸ் வாடிக்குக் கொண்டுபோனேன்,
மீன் செதிலும் உருகிய தண்ணீருமாய்ச் சிமெந்து முற்றம்.
கன்னியாவரை ஓடித் திரும்பியிருந்தேன்,
ஒயில் இளகட்டும் என்று.
அங்கே ஏழு கிணறு, ஏழு சூடு.
எனக்கு ஒன்று போதும்:
தொட்டபடி பத்துவரை எண்ணக்கூடிய சூடு.

மேல் நட்டைக் கடற்காற்று கடித்துப் பிடித்திருந்தது.
ஸ்பனரில் பைப்பைச் செருகி
முழு நிறையையும் தொங்கவிட்டேன்.
டக்.
நட்டா, என் தோளா,
ஒரு கணம் தெரியவில்லை.

பிறகு கீழ்.
கயிறாக, நூலாக, சொட்டாக
சட்டிக்குள் வடிந்து முடிந்தது இரண்டு வருடம்.
காந்தத்தில் கரிய சேறு.
அது இருக்கட்டும், இரும்பு தேயும்.
சட்டியை வெயிலுக்குத் திருப்பினேன்.
முழுக்கப் பொன்.
நகைக்கடையில் கூட்டி அள்ளும் தூசுபோல.
காந்தத்தைக் காட்டினேன், வரவில்லை.

"உருக்கினா ஒரு மோதிரம் தேறும்" என்றான் எமில்டன்.

பித்தளை, எமில்டன்.
அதை அரைத்தவன் நான்.

முஸம்மில் கடையில் அன்று இரண்டு போத்தல்.
ஜீ எல் நாலு, ஜீ எல் ஐந்து.
ஐந்து நாலைவிடப் பெரிது
என்கிற முதலாம் வகுப்புக் கணக்கில் ஐந்தை எடுத்தேன்.
விலையும் முந்நூறு குறைவு.
"எவோவுக்கா? யோசிச்சு எடுங்க" என்றார்.
யோசித்தேன்,
முந்நூறு ரூபாயை.

ஐந்தில் கந்தகம் கூட.
பின் அச்சின் பற்களுக்கு அது கவசம்,
கியர் பெட்டியின் பித்தளை வளையங்களுக்குக் கறையான்.
வேகமாய்ச் சுழல்வதையும் மெல்லச் சுழல்வதையும்
பல் மோதுமுன் சமாதானம் செய்துவைப்பவை
அந்த வளையங்கள்.
அவை மெலிந்தால் இரண்டாம் கியர் கத்தும்.

கத்தியது,
சுகிர்தா ஓட்டும்போதெல்லாம்.
ஹபரணை வீதியில் யானை ஏறி நின்ற இரவு
அவள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்க
பெட்டி அலறி மறுத்தது.
பிரேக்கில் நின்றோம், தும்பிக்கை நீளத் தூரத்தில்.
யானை போனபின் நான் சொன்ன முதல் வார்த்தை:
"கிளச்சை முழுக்க மிதி. எத்தினை தரம் சொல்றது?"

சொன்னது யாரிடம்?
கட்டுக்குருந்தைத் திடலில்
கால் மைலைப் பதின்மூன்று செக்கனில் முடித்தவளிடம்.
கார் வாங்கியதும் அவள் காசில்.
அதற்குப் பிறகு அவள் சாவி கேட்கவில்லை.

நூறு எண்ணெய்த் தாங்கி நிற்கிற ஊர் இது.
எனக்கு வேண்டிய மூன்று லீற்றர்
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
இம்முறை நாலு.
எழுபத்தைந்து, எண்பத்தைந்து என்று
போத்தலில் இருந்த எல்லா இலக்கத்தையும்
மருந்துச் சீட்டுப்போல இருமுறை வாசித்தேன்.
புது வொஷர் போட்டுக் கீழ் நட்டை இறுக்கினேன்.
மேல் துளையால் வழியும்வரை ஊற்றினேன்.
எங்கிருந்தோ வந்த மான் ஒன்று
சட்டியை மோந்தது.
மீன்பெட்டி மூடியால் மூடினேன்.
அதற்காவது சரியானதைச் செய்தேன்.

புது ஒயில் தேய்ந்ததை வளர்க்காது.
அதுவும் போத்தலில் எழுதியில்லை.

பழையதில் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் அடைத்து
குசினி மேசையில் வைத்தேன்.
அவள் யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
பொன் மெதுவாக இறங்கியது.

"ஆர் ஊத்தினது?"
"நான்."
"எப்ப?"
"யானைக்கு முதல்."

போத்தலை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.
சாவியைக் கொடுத்தேன்.

உவர்மலை இறக்கம்.
மூன்று. கிளச். நடுவில் விட்டு
எஞ்சினை ஒருதரம் உறுமவைத்து,
மறுபடி கிளச், இரண்டு.
வளையத்தின் தயவே இல்லாமல்
வெண்ணெயில் கத்திபோல இறங்கியது.
கீழே குடா முழுக்க வெயில்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நான் சீற் பெல்ற்றை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.