ஏழரை விநாடி

ஒசாரெட்டினின் கதை இந்த முறையும்
பதினோரு செய்திகளாகக் கைப்பேசியில் வந்து விழுந்தது.
பேருந்தில் தட்டியிருக்கிறான். பாலத்தின் மேல்
நெரிசல் நீண்ட இடங்களில்
வாக்கியங்களும் நீண்டிருக்கின்றன.
யார் பேசுகிறார், யார் கதவைத் திறக்கிறார்,
எது மழை, எது அழுகை,
எல்லாம் ஒரே வரிசையில் இடது ஓரமாய்,
பெட்ரோல் பங்கில் கேன்களோடு நிற்கும் சனம்போல.

சுருலேரேயில், நகலெடுக்கும் கடையின் பின்னறையில்,
ஜெனரேட்டரின் உறுமலுக்குள் உட்கார்ந்து
நான் அவற்றைப் பிரிக்கிறேன்.
பக்கத்துக்கு நூற்றைம்பது நைரா.
அரிசியில் கல் பொறுக்குவது போல என்று சொல்லலாம்.
அப்படியில்லை. இங்கே கல்லும் வெந்தாக வேண்டும்.

நிரலுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
உள்ளே, வெளியே என்று தொடங்கினால் அது காட்சி.
முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வரி தனித்து நின்று
அதன் காலடியிலேயே இன்னொன்று ஒட்டி வந்தால்
மேலே ஆள், கீழே அவர் பேச்சு.
வெற்று வரி ஒன்று குறைந்தால் போதும்,
கதவும் வசனம் பேசும்.

நேற்று இருபத்தேழாம் பக்கத்தில்
கரண்ட் வந்துருச்சு என்று தெருவே கூவும் இடத்தை
உற்சாகத்தில் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு
மூச்சு விடாமல் எழுதியிருந்தான்:
இசியோமா பாதி சீவிய தலையோடு ஓடி வருகிறாள்.
நிரல் மின்சாரத்தை நடிகராக்கியது.
பக்கத்தின் நடுவில் நிறுத்தி
அவள் ஓட்டத்தை அதன் வாயில் போட்டது.
சிரித்தேன். இந்த ஊரில் அதுவும்
ஏதாவது பதில் சொல்லத்தான் வேண்டும்.
பிறகு ஒரு வெற்று வரியைத் தட்டி
வேஷத்தைக் கலைத்தேன்.

அறுபத்து மூன்றில் கை நின்றது.
இசியோமாவுக்கும் மெக்கானிக் டோன்யேவுக்கும்
கிளம்பாத ஒரு வேனைப் பற்றிச் சண்டை.
நடுவில், பேர் இல்லாமல்:
சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டேன்.
இனி என்னைக் கூப்பிடாதே.

இசியோமா சொன்னால் அது கோபம்.
டோன்யே சொன்னால் தோல்வி.
இருவர் பேரையும் மாற்றி மாற்றி
மேலே வைத்துப் பார்த்தேன்.
இரண்டும் பொருந்தின. அதுதான் சங்கடம்.

அழைத்துக் கேட்டேன்: "யாருடைய வசனம்?"
அந்தப் பக்கம் ஒரு லாரி
ஹாரன் அடித்து முடிக்கும்வரை பேச்சில்லை.
"அது படத்தில் இல்லை, எபியேரே.
எஃபே எனக்கு அனுப்பியது.
எங்கோ பத்திரப்படுத்தப் போய்
அங்கே ஒட்டிக்கொண்டது போல."
அழிக்கட்டுமா என்றேன்.
"மொத்தம் எத்தனை பக்கம்?" என்றான்.
தொண்ணூற்றொன்று.
"பேர் போடாமல் விடு."

பேர் போடாமல் விட இங்கே இடமில்லை.
பேர் இல்லாதது பேச்சாகாது, விவரம்.
ஒல்லியான வசனப் பத்தியிலிருந்து நழுவி
ஓரத்திலிருந்து ஓரம்வரை
அந்த வரி நீட்டிப் படுத்தது.
மழை பெய்கிறது, கதவு திறக்கிறது என்பதுபோல
யாரும் சொல்லாமலே நடந்துவிட்ட ஒன்று.

காலையில் உதவி இயக்குநர் ஜுமோகே
அடிக்கோலும் பென்சிலுமாய் வந்தாள்.
பக்கத்துக்கு ஒரு நிமிடம்,
பக்கத்தை எட்டாக மடித்துக் கணக்கு.
காகிதம் இன்னும் சூடாக இருந்தது.
அவள் கோல் அறுபத்து மூன்றில் நின்றது.
"இதை யார் சொல்வது?"
யாருமில்லை.
"அப்புறம் எதை எடுப்பது?"
கம்பியில் மாட்டிய சாவியை, என்றேன்.
வேறென்ன சொல்ல.

உதட்டைப் பிதுக்கி ஓரத்தில் குறித்தாள்:
எட்டில் ஒன்று. ஏழரை விநாடி.
பக்கத்தைத் திருப்பும் முன்
பொருட்கள் பட்டியலைத் தேடி எடுத்து
அடியில் சேர்த்தாள்:
வேன், பழையது.
சீப்பு.
சாவி, ஒன்று.